மாத்திரை போட்டும் பீரியட்ஸ் வலி குறையலையா? செல்லுக்குள்ள மாட்டியிருக்கிற ‘டேக்’ காரணமா இருக்கலாம்!

வடக்குப்பட்டு பக்கம் காலை ஷிஃப்ட்டுக்கு கம்பெனி பஸ் ஏறும்போது, மாதத்தில் மூணு நாள் பையில் வலி மாத்திரை அட்டை இல்லாமல் கிளம்ப முடியாதவரா நீங்கள்? ‘கல்யாணமானா சரியாகிடும்’னு வீட்டில் சொல்லியிருப்பார்கள். லீவு போட வைக்கிற வலி சாதாரணம் கிடையாது. அது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம்.

கருப்பையின் உள்சுவரைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பை, குடல் பக்கமெல்லாம் வளர்வதுதான் இந்த நோய். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதவிடாய் ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய், அதிலுள்ள செல்கள் வயிற்றுக்குள் ஒட்டிக்கொள்கின்றன என்று 1920-களிலேயே சொன்னார் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன். ஆனால், அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. சிலருக்கு மட்டும் ஏன் வளர்கிறது?

இங்கேதான் எபிஜெனெடிக் என்சைம்கள் வருகின்றன. ரிப்பேரில் இருக்கிற மெஷினில் ‘ஆன் பண்ணாதே’ன்னு டேக் மாட்டுவாங்களே, அதே வேலைதான். டி.என்.எம்.டி. என்ற என்சைம்கள், ஜீன்மேல் மெத்தில் என்ற குட்டி டேக்கை மாட்டும். டேக் விழுந்த ஜீன் பெரும்பாலும் ஆஃப். எண்டோமெட்ரியோசிஸ் திசுவில் இந்த என்சைம்கள் அதிகமாக இருப்பதை 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

விளைவு? புரொஜெஸ்டிரோன் சொல்வதைக் கேட்கவேண்டிய ஜீனில் டேக் விழுகிறது. இன்னொரு பக்கம், எஸ்.எஃப்-1 என்ற ஜீனில் இருக்கவேண்டிய டேக் காணாமல்போகிறது. அதனால் அந்தத் திசு தானே ஈஸ்ட்ரோஜெனைத் தயாரித்து, தானே வளர்கிறது. புரொஜெஸ்டிரோன் வகை மாத்திரை சிலருக்கு வேலை செய்யாததற்கு இது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் குறையவில்லை என்று யாராவது திட்டினால், இதைச் சொல்லுங்க.

டேக்கைக் கழற்ற மருந்து இருக்கா? டி.என்.எம்.டி-யைத் தடுக்கும் அசாசைட்டிடின், சில ரத்தப் புற்றுநோய்களுக்குத் தரப்படுகிறது. அது உடம்பு முழுக்க வேலைசெய்யும் என்பதால் இந்த வலிக்குத் தருவதில்லை. ‘எபிஜெனெடிக் டயட் பவுடர்’னு ரீல்ஸில் வந்தால் ஸ்க்ரோல் பண்ணிடுங்க.

இப்போதைக்கு ஹார்மோன் மாத்திரை, வலி மருந்து, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி. ஒரு மாத்திரை கேட்கவில்லை என்றால், டாக்டரிடம் சொல்லி வேறு முறைக்கு மாறலாம். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் மகளிர் நோய்ப் பிரிவும் இருக்கிறது. ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் நோய் இல்லைன்னு உறுதி கிடையாது. அதனால் வலித்த தேதி, மலம் கழிக்கும்போதோ உடலுறவின்போதோ வலி இருந்ததா, எத்தனை ஷிஃப்ட் லீவு போட்டீர்கள் என்பதையெல்லாம் மூணு மாதத்துக்கு போனில் குறித்துவைத்து, அப்படியே டாக்டரிடம் நீட்டுங்க.