கரிய தளமும் கொடிக்கருக்கும்

கோயிற் தூண்களிலும் தேர்ப்பலகைகளிலும் கொடிக்கருக்கைக் கண்டு பழகியவர்கள் நாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் துப்பாக்கிகளின் உருக்கிலும் அதனையொத்த வேலைப்பாடு காணப்படுகின்றது. ஜேர்மன் நாட்டிலிருந்து குடிபெயர்ந்த செதுக்குவினைஞரே அதனை அங்கு தழைக்கச் செய்தனர். குஸ்தாவ் யங், லூயி நிம்ஷ்கே என்போர் அவருட் குறிப்பிடத்தக்கோர்.

அவ்வேலையின் நியதிகள் இறுக்கமானவை. முதலிற் சுருளின் தண்டு வரையப்படும். ஒரு சுருளின் தண்டிலிருந்தே மறுசுருள் கிளைத்தல் வேண்டும். இலைகள் விளிம்புக்குள் அடங்குதல் வேண்டும். பின்னர் இலைகளுக்கு இடைப்பட்ட உருக்கு அகழப்பட்டு, புள்ளிமுனைக் கருவியால் நெருக்கமாகக் குத்தப்பட்டு, கருமையூட்டப்படும். தளம் கருமையுறக் கொடி ஒளிபெற்றெழும். ஆதலின் வினைஞன் கொடியை மட்டுமன்றி, இடையே எஞ்சும் வெளியையும் சேர்த்தே வரைகின்றான். அவ்வெளி ஓரிடத்து அகன்றும் ஓரிடத்து ஒடுங்கியும் அமையுமாயின், கருமை திட்டுத்திட்டாய்த் தோன்றி வேலை முழுவதும் கெடும்.

இத்துணைப் பொறுமையும் யாருக்குப் பயன்பட்டது? கிரிமியப் போர் (1853–1856) நிகழ்ந்த காலத்தில், ஆயுத உற்பத்தியாளரான சாமுவேல் கோல்ற் பகைவர் இருவரையுமே வாடிக்கையாளராகக் கண்டார். தங்கம் பதித்த இணை றிவோல்வர்களுள் ஒன்று 1854இல் ரஷ்யச் சார் முதலாம் நிக்கலசுக்குப் பரிசாயிற்று. மற்றையது துருக்கிச் சுல்தான் அப்துல் மஜீதுக்கு அளிக்கப்பட்டதென்பர். முன்னது சென் பீற்றர்ஸ்பேர்க்கிலும் பின்னது நியூயோர்க்கிலும் நூதனசாலைகளில் உள்ளன. அவற்றின் அலங்காரம் யங்கின் கைவேலையெனக் கருதப்படுகின்றது. ஒரே பட்டறையின் கலை, போரின் இரு முகாம்களுக்கும் விற்பனைத் தூதாகச் சென்றது. கலை தானாகவே நடுநிலை வகிப்பதில்லை. அதனை வாங்குவோனின் நோக்கம் அதன்மீது படிகின்றது.

ஆயினும், அதுகொண்டு உழைத்தவனை நாம் ஒதுக்கிவிடல் தகாது. நிம்ஷ்கே தாம் செதுக்கிய வேலைகளைத் தாளிற் படியெடுத்துச் சேர்த்துவைத்தார். துப்பாக்கி வாங்கியவனிடம் போயிற்று. தாளே அவரிடம் எஞ்சியது. அவர் 1904இல் மறைந்தார். அத்தாள்கள் 1965இல் நூலுருப்பெற்றன. அவற்றைக்கொண்டே அவருடைய கைவேலைகள் பல இனங்காணப்பட்டன.

நம் தேர்களிலும் கதவுகளிலும் கொடிக்கருக்குச் செதுக்கியோருள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? தேர் செய்வித்த தனவந்தனின் பெயரை நாம் அறிவோம். உளிபிடித்த கை இன்னும் கரிய தளத்திலேயே மறைந்து கிடக்கின்றது. அக்கையை வெளிக்கொணர்வதும் வரலாற்றாசிரியனின் கடமையே.