பாய்லருக்கு முதலில் வந்த சான்றிதழ்

டான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டபோது, சிலாங்கூரில் நீராவிப் பாய்லர்களுக்கென்று ஒரு சட்டம் ஏற்கெனவே நான்கு ஆண்டுகளாக நடப்பில் இருந்தது. மலாயாவின் தொழிற்பாதுகாப்புச் சட்ட வரலாறு 1892ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்திலிருந்தே தொடங்குகிறது. முதலில் பாய்லர், பிறகு பொதுவாக இயந்திரங்கள், வெகு காலம் கழித்துத் தொழிலாளி குடியிருக்கும் வீடு, அதையொட்டி மின்சாதனம் என்று பாதுகாப்பு படிப்படியாக இறங்கி வந்தது. இந்த வரிசை தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வெடித்தால் முதலாளியின் ஆலையே போய்விடும் என்ற பொருளுக்குச் சான்றிதழ் சீக்கிரம் வந்தது. ஓசையில்லாமல் ஓர் ஆளை மட்டும் கொல்லக்கூடிய பொருள் காத்துக் கிடந்தது. மலாக்காத் தோட்டப்புறத் தமிழர்களில் மூன்று நான்கு தலைமுறையினர் அந்த இடைவெளிக்குள்தான் வேலை செய்தார்கள்.

வெளியுலகிலும் இதே கதைதான். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் மின்விளக்குகளால் தீப்பிடிக்குமோ என்று காப்புறுதிக்காரர்கள் அஞ்சினார்கள். அங்கே சோதனைக்குப் போன வில்லியம் மெரில் என்ற பொறியாளர் 1894இல் தொடங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததுதான் இன்று மின்பாகங்களில் நாம் பார்க்கும் யூ.எல். முத்திரை. கட்டடமும் சரக்கும் எரியக்கூடாது என்ற கவலையே மின்பாகச் சான்றிதழைப் பெற்றெடுத்தது. மலாக்காவுக்கு இதற்கு மேலும் ஒரு குறை இருந்தது. 1913ஆம் ஆண்டின் இயந்திரச் சட்டம் ஐக்கிய மலாய் மாநிலங்களுக்கு உரியது. மலாக்காவோ நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. அலோர் காஜா மாவட்டத்தின் புலாவ் செபாங்கும் நெகிரி செம்பிலானின் தம்பினும் ஒட்டிய ஊர்கள். தம்பின் ரயில் நிலையமே புலாவ் செபாங்கில்தான் நிற்கிறது. எல்லைக்கு இரண்டு பக்கமும் தமிழ்த் தொழிலாளர்கள் ஒரே மாதிரி ரப்பர்ப் பாலை உறைய வைத்து, ஒரே மாதிரி உருளைகளில் ஷீட் அடித்தார்கள். ஆனால் அந்த உருளை எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பது எல்லைக் கல்லைப் பொறுத்திருந்தது. 1953இன் இயந்திரச் சட்டம் வந்த பிறகே நாடு முழுவதற்கும் ஒரே விதி ஏற்பட்டது.

1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 1970இல் நடப்புக்கு வந்தது. பாய்லர், அழுத்தக் கலன், பளு தூக்கி ஆகியவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயமானது. பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு என்பது வழக்கமானது. பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் டிரைவரும் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை பரவிய காலத்தில் இது பெரிய காவலாக இருந்தது, அதை மறுக்க முடியாது. செம்பனை ஆலையில் நாரையும் ஓட்டையும் எரித்து பாய்லர் ஆவி எழுப்புகிறது. அதே ஆவி டர்பைனைச் சுழற்றி ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தையும் தருகிறது. ஆவியாக இருந்தவரை ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆய்வு உண்டு. அது மின்சாரமாக மாறியதும் வேறு இலாகா, வேறு சட்டம், வேறு கண்டிப்பு.

ரப்பர் ஆலையில் மின்சாரம் குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு என்று சிலர் சொல்லக்கூடும். ரப்பர்ப் பால் ஆலையின் தரையை நினைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. நாள் முழுக்கத் தண்ணீரும் அமிலமும் ஓடும் சிமெண்டுத் தரை அது. ஈரத் தரையில் நிற்பவரின் உடம்பு வழியே கசிவு மின்னோட்டம் எளிதாக இறங்கும். 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் இதை ஒப்புக்கொண்டன. கையில் பிடிக்கும் கருவிக்கு 30 மில்லியாம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் போதும் என்ற அதே விதி, தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லியாம்பியர் என்றது. ஈரத் தரை அன்றைக்குப் புதிதாக முளைத்ததல்லவே. வீட்டு உபயோக மின்பொருளுக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும் என்பதையும் அதே விதிமுறைகள்தான் தெளிவாக்கின. ஆனால் அந்த ஏற்பாடு பொதுமக்களிடம் நேரே விற்கப்படும், இயக்கத் தனித் தேர்ச்சி தேவைப்படாத பொருளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆலை இயந்திரத்தின் மின்கட்டுப்பாட்டுப் பேனல் அந்த வளையத்துக்கு வெளியே நின்றது.

ஆலையில் மின்சாரத்தைக் கவனிக்கத் தகுதி பெற்ற சார்ஜ்மேன் இருக்கிறாரே, பாகத்துக்கு வேறு சான்றிதழ் எதற்கு என்பது இதைவிட வலுவான மறுப்பு. மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கான்டாக்டரை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் முனைகள் ஒவ்வொரு முறையும் தீப்பொறியோடு சேர்ந்து பிரிகின்றன. உலோகம் மட்டமாக இருந்தால் ஒருநாள் அவை உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் மோட்டார் நிற்காது. உருளையில் கை மாட்டியவருக்கு அந்தப் பொத்தானால் பயனில்லை. மூடிய பெட்டியை வெளியிலிருந்து பார்த்து எந்தச் சார்ஜ்மேனாலும் இதைச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான முறை ஓட்டி நிறுத்திப் பார்க்கும் ஐ.இ.சி. 60947 போன்ற தரச் சோதனைதான் சொல்லும். சான்றிதழ் வெறும் காகிதம் என்பவர்களுக்கும் பாய்லரே பதில்: அதை ஆறவைத்துத் திறந்து, உள்ளே பார்த்த பிறகுதான் அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது.

தோட்டத்து வீடுகளுக்குப் போதிய மின்சாரம் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் சொன்னது. சிலாங்கூர்ப் பாய்லர் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 98 ஆண்டுகள். அதற்குள் மலாக்காவின் பத்து பெரெண்டாம் தடையற்ற வணிக வட்டாரத்தில் வெளிநாட்டு மின்னணு ஆலைகள் வந்து இருபது ஆண்டுகள் நெருங்கியிருந்தன. ஏற்றுமதியாகும் சில்லு ஒவ்வொன்றும் சோதனை முடிந்தே கப்பலேறியது.

1967ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டது. இப்போது 1994ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே ஆள்கிறது. இயந்திரத்தைச் செய்பவருக்கும் விற்பவருக்கும் அதன் 20ஆம் பிரிவு கடமை விதிக்கிறது. மலாக்காவின் ஆயர் குரோவிலும் செங்கிலும் பட்டறை வைத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் அந்தப் பிரிவைப் பயன்படுத்த வேண்டும். பேனலுக்கு மலிவான பாகம் வாங்கும்போது அதன் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள்.