முத்துக்குளிப்பும் முகக்கண்ணாடியும்

மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியில், நகரைக் கடந்து சிறிது தூரத்தில் பலாபத்வல என்னும் ஊர் உள்ளது. நாட்டின் நடுப்பகுதியில் அமைந்த அவ்வூரார் கடலைக் காண வேண்டுமாயின் நெடுந்தூரம் செல்லவேண்டும். ஆயினும் கடலில் மூழ்குவோர் படும் துன்பம் ஒன்றை அறிந்துகொள்ள, அவ்வூர்ச் சிறுவனுக்கு ஒரு கிணறும் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு குவளையுமே போதும். கவிழ்த்த குவளையை நேராக நீருள் அமிழ்த்தினால், அதனுள் அடைபட்ட காற்று ஆழம் செல்லச் செல்லச் சுருங்கும். சுருங்கிய இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். காற்றின் இவ்வியல்பை 1662ஆம் ஆண்டில் ரொபேட் பொயில் என்ற அறிஞர் விதியாக வகுத்தார். அவ்விதியின்படி 10 மீற்றர் ஆழத்தில் காற்று பாதியாகவும், 30 மீற்றரில் காற்பங்காகவும் சுருங்கிவிடும்.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் இவ்விதியை ஏட்டில் கற்றவரல்லர்; உடலால் உணர்ந்தவர். அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளிலிருந்து படகேறிச் சென்ற அவர்கள், கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றி, விரல்களால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்கினர். ஏறத்தாழ ஒரு நிமிட நேரமே அவர்களுக்கு உரியது. அந்நேரத்திலும் கண் முழுமையாக உதவவில்லை. கண்ணின் முன்புறத்தை நீர் நேரே தொடும்போது, ஒளியைக் குவிக்கும் ஆற்றலின் பெரும்பகுதி அதற்கு இல்லாது போகிறது. எனவே காட்சி மங்கும். கண்ணுக்கும் நீருக்கும் இடையே சிறிது காற்று இருந்தால் மட்டுமே தெளிவு பிறக்கும்.

அக்காற்றைக் கண்ணின் முன் நிறுத்துவதே பின்வந்தோரின் முயற்சியாயிற்று. கண்களை மட்டும் மூடும் கண்ணாடிகள் முதலில் வழக்கில் வந்தன. தெளிவு கிடைத்தது, ஆனால் துன்பம் தொடர்ந்தது. ஆழத்தில் உள்ளிருந்த காற்று சுருங்க, கண்ணாடி கண்களை உறிஞ்சி இழுத்தது. கண்ணின் நுண்குழாய்கள் வெடித்துக் குருதி கசிந்ததும் உண்டு. யப்பான் நாட்டில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் ‘ஆமா’ பெண்கள், இத்துன்பம் தீரப் பக்கங்களில் சிறு காற்றுப் பைகள் பொருத்திய கண்ணாடிகளைப் பயன்படுத்தினர். நீர் அப்பைகளை அழுத்த, அவற்றிலுள்ள காற்று கண்ணாடிக்குள் சென்று குறையை நிரப்பியது.

அதனினும் எளிய வழி, மூக்கையும் கண்ணாடிக்குள் அடக்குவதாகும். அவ்வாறு செய்தால், சுருங்கும் காற்றை மூழ்குபவர் தம் மூக்கு வழியே ஊதி ஈடுசெய்யலாம். 1930ஆம் ஆண்டுகளில் இத்தகைய முகக்கண்ணாடிகள் பிரெஞ்சு நாட்டின் மத்தியதரைக் கடற்கரையில் உருவாகிப் பரவின. 1943இல் கூஸ்தோவும் கஞ்ஞானும் காற்றுக்கலத்தோடு மூச்சுவிடும் கருவியை அமைத்தபின், கடலடி பலருக்கும் திறந்தது.

இலங்கையும் அப்பயனைப் பெற்றது. 1956இல் இங்கு வந்த ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் நம் கரையோரக் கடல்களில் மூழ்கினர். போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட திருக்கோணேசர் ஆலயத்தின் கற்றூண்கள் திருகோணமலைக் கடலடியில் கிடப்பதை வில்சன் கண்டார். 1961இல் தென்கிழக்குக் கடலில், பெரிய பாசஸ் வெளிச்சவீட்டுக்கு அருகே, சூரத்தில் அச்சிடப்பட்ட மொகலாயர் காலத்து வெள்ளி நாணயங்கள் அவருடைய குழுவுக்குக் கிட்டின.

ஆயினும் மூக்கை அடக்கிய கண்ணாடியும் ஒரு விலையைக் கேட்கிறது, அவ்விலை மூச்சாகும். 250 மில்லிலீற்றர் காற்றை அடக்கும் கண்ணாடியுடன் 30 மீற்றர் இறங்குபவர், மேற்பரப்பின் அளவிற் கூறினால் 750 மில்லிலீற்றர் காற்றை அதனுள் ஊதவேண்டும். 100 மில்லிலீற்றர் மட்டும் அடக்கும் கண்ணாடிக்கோ 300 போதும். நெஞ்சில் அடக்கிய ஒரே மூச்சை நம்பி இறங்குபவருக்கு இவ்வேறுபாடு பெரிது. காற்றுக்கலம் சுமப்பவருக்கு அத்துணைப் பெரிதன்று. எனினும் உள்ளே நீர் புகுந்தால், சிறிய கண்ணாடியை ஒரு சிறு ஊதலிலேயே வெளியேற்றிவிடலாம். கண்ணுக்கு நெருங்கி அமைவதால், சிறிதாயினும் அது காட்சியைக் குறுக்குவதில்லை.

ஆதலால் தெரிவு செய்பவர் அழகை நோக்காது, சிலவற்றைச் சோதித்தல் நன்று. மூக்கு உள்ளே அடங்கவேண்டும். நீச்சற்குளக் கண்ணாடி ஆழத்திற்கு உதவாது. உடைந்தாலும் கூரிய சில்லுகளாகச் சிதறாத வகையில் பதப்படுத்திய கண்ணாடியாக அது இருக்கவேண்டும். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சிழுக்கும்போது, விழாமல் ஒட்டி நிற்கவேண்டும். ஒருவர் முகத்துக்குப் பொருந்தியது மற்றவர் முகத்துக்குப் பொருந்தாது.

முத்துக்குளிப்பவரின் கயிற்றை அவர் மனைவியின் உடன்பிறந்தானே பிடிப்பான் என்பது தமிழரிடை வழங்கிவரும் செய்தி. தமக்கையின் தாலியைக் காக்க எண்ணுபவன் கண்ணயரான் என்பது அதன் கருத்து. மேலிருந்து காப்பவனைத் தெரிவதில் முன்னோர் காட்டிய அதே கவனத்தை, கீழிறங்குபவர் தம் முகத்தில் அணியும் கருவியிலும் காட்டுதல் வேண்டும்.