தூத்துக்குடி: தொழில் நகரின் கடல்வளமும் சுற்றுலாவும்

தூத்துக்குடி, மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள துறைமுக நகரம். முத்துக்குளிப்பாலும் உப்பளங்களாலும் அறியப்பட்ட இவ்வூர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொழில் நகரமாயிற்று. புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஸ்பிக் உர ஆலையும் அனல்மின் நிலையமும் அந்தப் பத்தாண்டிலேயே இயங்கத் தொடங்கின. கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது. சங்குகுளி இன்றும் தொடர்கிறது.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். மண்டபம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளில் வான், காசுவாரி, காரியாச்சல்லி, விலாங்குசல்லி ஆகிய நான்கும் தூத்துக்குடித் தொகுதி. சரக்குக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகமும் பவழப்பாறைகளும் இவ்வளவு நெருக்கமாக அமைந்திருப்பது இந்தியக் கடற்கரையில் அபூர்வம். 117 வகைக் கடினப் பவழங்கள் இவ்வளைகுடாவில் பதிவாகியுள்ளன.

பாறைகளுக்கு நேர்ந்த பெருங்கேடு ஆலைக் கழிவால் மட்டும் வந்ததன்று. சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் கட்டடங்களுக்கும் பல்லாண்டு காலம் பவழக்கல் வெட்டி எடுக்கப்பட்டது. வல்லம் வல்லமாகக் கரை சேர்ந்தது. கடினப் பவழங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; 2005 வாக்கில் கல்லெடுப்பு ஏறக்குறைய நின்றது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அலையின் வேகத்தை முறிக்கப் பாறை இல்லாததால் தீவுகளின் மணல் அரித்துப் போனது. விலாங்குசல்லி கடலுக்குள் மூழ்கியது. 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த காரியாச்சல்லி அதில் பெரும்பகுதியை இழந்துவிட்டது.

வான் தீவையும் இழக்கும் நிலை வந்தபோது, சென்னை ஐ.ஐ.டி.யும் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனமும் ஈடுபட்ட திட்டத்தின்படி, 2015 முதல் ஆயிரக்கணக்கான கான்கிரீட் செயற்கைப் பாறைகள் தீவின் கடல்முகப்பில் இறக்கப்பட்டன. இவை அலையைத் தணிக்கின்றன, மீன்களுக்கு இடம் தருகின்றன, பவழத்துண்டுகளை ஒட்டி வளர்க்கவும் உதவுகின்றன. ஆனால் கான்கிரீட் கடல்நீரைக் குளிர்விக்காது. 1998, 2010, 2016 ஆண்டுகளின் வெப்பத்தில் பவழங்கள் பெருமளவு வெளிறின.

சுற்றுலா இங்கே இன்னும் சிறிய தொழில்தான். ஆகஸ்ட் 5இல் நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவுக்கும், திருச்செந்தூர் போகும் வழியிலும் வருவோரே மிகுதி. அவர்கள் முயல்தீவுக் கடற்கரையோடு திரும்பிவிடுவார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் பிச்சை மூப்பன் வலசை போன்ற இடங்களில் வனத்துறை கண்ணாடி அடித்தளப் படகுகளை விட்டிருக்கிறது. உள்ளூர் மீனவக் குடும்பங்களுக்கு வருமானம் தரும் இந்த முறை தூத்துக்குடிக்கும் பொருந்தும். ஆயினும் நங்கூரம் பாறை மேல் விழுந்தால் பவழம் ஒடியும். இயந்திரம் கிளப்பும் வண்டல் அதை மூடும். நிலையான மிதவையில் படகைக் கட்டுவதும், ஒரு நாளைக்கு இத்தனை படகுகள் என்று வரம்பிடுவதும் இதனால் அவசியம். பள்ளி விடுமுறையில் கூட்டம் பெருகும் ஏப்ரல், மே மாதங்களில்தான் நீர் 30 பாகை செல்சியஸைக் கடந்து பவழங்கள் வெளிறத் தொடங்குகின்றன என்பதைத் திட்டமிடுவோர் மறக்கலாகாது. பாறைப் பகுதிகளுக்கு அம்மாதங்களில் ஓய்வு தருவதே முறை.

பூங்காத் தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்குவதும், சிப்பி, பவழத் துண்டுகளை எடுத்துவருவதும் தண்டனைக்குரியவை.