கைவிட்ட தங்கம்

திருப்பூரில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மட்டையோடு ஓடும் நம் சிறுவர்கள் எம்.ஜே. கோபாலனை அறியார். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை வீசியவர் அவரே. மைசூருக்கு எதிரான அவ்வாட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஹாக்கியிலும் வல்லவர், 1935இல் தியான்சந்துடன் நியூசிலாந்து சென்றார்.

மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்னும் நிலை வந்தபோது கிரிக்கெட்டையே தேர்ந்தார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவருக்கு இடம் கிட்டவில்லை. 1934இல் கல்கத்தாவில் ஆடியதே அவருடைய ஒரே டெஸ்டாக நின்றுவிட்டது. ஹாக்கி அணியோ ஆகஸ்டு 15 அன்று ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் பெற்றது. (பதினோராண்டு கழித்து நாடு விடுதலை பெற்றதும் அதே நாளில்!)

தவறிய தங்கத்தையே பலரும் பேசுவர். ஆனால் 1950களிலிருந்து சென்னையும் இலங்கையும் மோதிய கோப்பைக்கு அவர் பெயரையே சூட்டினர். 2003 டிசம்பரில் மறைந்தபோது, வாழ்ந்திருந்த டெஸ்ட் வீரருள் உலகிலேயே மூத்தவர் அவர்.