பொக்ரான் சோதனைக்குப் பிறகு பக்கத்து ஊருக்கு என்ன ஆச்சு?

1998 மே மாதம் ராஜஸ்தானின் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனை நடத்தியது உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து சில கிலோமீட்டரில் கேத்தோலாய்னு ஓர் ஊர் இருப்பது தெரியுமா?

1974 மே 18 அன்று நடந்த முதல் சோதனையின்போதும் பக்கத்திலேயே இருந்த ஊர் அது. 1998-ல் வீட்டுச் சுவர்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் விரிசல் விட்டது. அதன்பிறகு புற்றுநோய் கூடிவிட்டது, மாடுகளுக்கும் நோய் வருகிறது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். காற்றில் கதிரியக்கம் கலக்கவில்லை என்று மே 11 அன்றே அரசு அறிவித்தது.

கதிரியக்கத் தூசு என்ன செய்யும்?

குண்டு தரையை ஒட்டி வெடித்தால் மண்ணும் சாம்பலும் கதிரியக்கத்தோடு மேலெழும்பி, காற்று போகும் பக்கம் போய் விழும். அதிலுள்ள அயோடின்-131 புல்லில் படிந்து, பசும்பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் சேரும்.

1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா 15 மெகாடன் குண்டை வெடித்தது. சுமார் 150 கி.மீ. தள்ளியிருந்த ரோங்கெலாப் தீவில் சாம்பல் கொட்டியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் மக்களை வெளியேற்றினார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு கட்டி வந்தது.

பொக்ரானிலும் அப்படியா?

இல்லை. இங்கே வெடித்தது பூமிக்கு அடியில். அப்படி வெடித்தால் கதிரியக்கம் பெரும்பாலும் பாறைக்குள்ளேயே அடைபட்டுவிடும். ஆனாலும் கசிவே வராதுன்னு சொல்ல முடியாது. 1970 டிசம்பரில் அமெரிக்காவின் நெவாடாவில் ‘பேன்பெர்ரி’ என்ற நிலத்தடிச் சோதனையில் கதிரியக்கம் வெளியே வந்தது.

அப்போ, உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து கரையோரமாகத் தெற்கே 100 கி.மீ.க்குச் சற்று மேல் போனால் கருநாகப்பள்ளி. அங்கே மோனசைட் மணலால் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே வீடு வீடாகப் போய்க் கதிர்வீச்சை அளந்தது, புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்து, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் முடிவை வெளியிட்டது.

இதை வைத்து கேத்தோலாயும் பத்திரம்னு சொல்லிவிட முடியாது. மணலின் கதிர்வீச்சு வேறு, பாலில் கலந்து உடம்புக்குள் போகும் அயோடின் வேறு. ஆனால் அந்த வழிமுறை இங்கேயும் பொருந்தும். சின்ன ஊரில் நாலைந்து புற்றுநோய்கள் தற்செயலாகவும் வரலாம். அதனால் நோயாளிகளின் வயது, புகையிலைப் பழக்கம் எல்லாம் பார்த்து, தூரத்து ஊர்களோடு ஒப்பிட வேண்டும். மண்ணையும் தண்ணீரையும் சோதித்து, முடிவை ஊர்க்காரர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

பாதிப்பு உண்டு என்று தெரிந்தால் சிகிச்சையும் இழப்பீடும் கேட்கலாம். இல்லையென்றால், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பயப்படுகிற குடும்பங்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.