கெடாத் தோட்டப்புறத் தமிழரும் ஆங்கில வாசிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கெடா மாநிலத்தின் வடபகுதி நெல்வயல்களால் ஆனது. தென்பகுதியோ நெடுங்காலம் இரப்பர்த் தோட்டங்களால் ஆனது. கெடா ஆறு கடலோடு கலக்கும் கோலா கெடாவிலிருந்தும் அலோர் ஸ்டாரிலிருந்தும் தெற்கு நோக்கிச் செல்வோர், குருணைக் கடந்ததும் இம்மாற்றத்தைக் காணலாம். தோட்டத் தொழிலுக்கென அழைத்து வரப்பட்ட தமிழர் பெருமளவில் குடியேறியது இத்தென்பகுதியிலேயே ஆகும். பீடோங், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய், கூலிம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல ஆங்கிலப் பெயர்களைத் தாங்கியிருந்தன. ஹார்வர்ட், டப்ளின், விக்டோரியா, ஹென்ரியேட்டா, ஸ்கார்புரோ என்னும் அப்பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் நிலைபெற்றுள்ளன. ஹார்வர்ட் என்பது ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் என அறிவதற்கு முன்னர், அதனைப் பால்மரக்காட்டின் பெயராகவே அறிந்த தலைமுறைகள் இங்கு உண்டு.

பெயரளவில் இவ்வளவு நெருங்கியிருந்த ஆங்கிலம், தோட்டத் தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் எட்டாமற் போயிற்று? எட்டியவர்களுக்கு அஃது எவ்வாறு எட்டியது? இலக்கணப் பயிற்சி போதாமையே காரணம் என்று ஆசிரியர் பலரும் கருதுவர். வாசிப்பதற்குரிய பொருள் கைக்கு எட்டாமையே அதனினும் பெரிய காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகின்றது.

இருவகைப் பள்ளிகள்

மலேசியாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கம், 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் என்னும் ஆங்கிலப் பள்ளியில் அமைந்த தமிழ் வகுப்பு எனக் கொள்ளப்படுகின்றது. தமிழும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ்த் தொடங்கிய இவ்வரலாறு, தோட்டங்கள் பெருகிய காலத்தில் இரண்டாகப் பிரிந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. 1909 வரை சயாமின் மேலாண்மையில் இருந்த கெடா, அக்கூட்டரசில் சேராத மாநிலம்; எனினும் தோட்டப் பள்ளி என்னும் அமைப்பு இங்கும் வேரூன்றியது.

இப்பள்ளிகளின் நோக்கம் குறுகியது. தமிழில் எழுத, படிக்க, கணக்கிடத் தெரிந்த பிள்ளை சில ஆண்டுகளில் பெற்றோருடன் பால்மரக்காட்டிற்குச் செல்லும் என்பதே எதிர்பார்ப்பு. ஆங்கிலப் பள்ளிகளோ பட்டணங்களில் இருந்தன. அங்குக் கட்டணம் செலுத்த வேண்டும். நாள்தோறும் சென்று வர வேண்டும். எனவே தோட்டத்திற்குள் ஆங்கிலம் என்பது துரையின் பங்களாவிலும் கிராணிமாரின் வீடுகளிலும் அலுவலகத்திலும் தங்கிவிட்டது. கிராணிமாருள் ஆங்கிலங்கற்ற மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் மிகுதி. ஆங்கில நாளேடு வந்து சேர்ந்த இடங்களும் அவையே. மொழியின் எல்லையும் குடியிருப்பின் எல்லையும் தோட்டத்தில் ஒன்றாகவே அமைந்திருந்தன எனலாம்.

காதுவழி வந்த ஆங்கிலம்

இதனால் தொழிலாளர் குடியிருப்பில் ஆங்கிலமே இல்லை என்று கொள்ளுதல் பிழையாகும். விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் நிகழ்வைத் தோட்டத் தமிழர் ‘பெரட்டு’ என்றனர். இஃது அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. பெயர்ப்பதிவேடு ‘செக்ரோல்’ ஆயிற்று. தோட்ட மருத்துவமனையில் மருந்து கொடுத்தவர் ‘டிரெசர்’. வேலையை மேற்பார்வையிட்டவர் ‘கண்டக்டர்’. இவற்றோடு ஆபீஸ், ஸ்டோர், பங்களா முதலிய சொற்களும் எழுத்தறியாதவர் நாவிலும் இயல்பாக வழங்கின.

இச்சொற்கள் அனைத்தும் காதுவழி வந்தவை, கண்வழி வந்தவையல்ல. ‘பெரட்டு’ என்று நாள்தோறும் சொன்ன பிள்ளை, அச்சில் அதன் மூலச்சொல்லைக் காண நேரின் அதனை அடையாளங்கண்டிருக்க இயலாது. மேலும், வந்தவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். ஒரு மொழியின் வாக்கிய அமைப்பும் காலங்காட்டும் முறையும் ஏவலிலும் பெயர்ச்சொல்லிலும் வந்து சேர்வதில்லை. அவை தொடர்ச்சியான பேச்சிலோ தொடர்ச்சியான எழுத்திலோதான் வந்து சேரும். தொழிலாளிக்கு ஆங்கிலத்தில் அவ்வாறான பேச்சு வாய்க்கவில்லை. எஞ்சியிருந்த வழி எழுத்து ஒன்றே.

கையேட்டு ஆங்கிலம்

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியை நாட்டின் கல்வி அமைப்பிற்குள் கொணர்ந்தன. ஆறாம் ஆண்டு முடித்த தமிழ்ப்பள்ளி மாணவர், புகுமுக வகுப்பு எனப்பட்ட இடைப்பட்ட ஓராண்டைக் கடந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் வழி ஏற்பட்டது. ஆங்கிலவழி இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தவர்க்கு, அதுவரை ஒரு பாடமாக மட்டுமே பயின்ற மொழியில் வரலாறும் அறிவியலும் கற்க ஓராண்டே ஆயத்தக் காலம். 1970இல் முதலாம் ஆண்டு வகுப்பில் தொடங்கிய மலாய்மொழி மாற்றம் 1980களின் தொடக்கத்தில் நிறைவுற்றபோது ஆங்கிலவழிப் பள்ளிகள் மறைந்தன. ஆங்கிலம் அனைவர்க்கும் ஒரு பாடமாயிற்று.

இக்காலம் முழுவதிலும் ஆங்கிலம் கற்பித்தலில் கையேடுகளே கோலோச்சின. 1930களில் இந்திய மாணவர்க்கென எழுதப்பட்ட ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூலும், ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் மெக்ஐவர் 1938இல் வெளியிட்ட ‘ஃபர்ஸ்ட் எய்ட் இன் இங்கிலீஷ்’ என்னும் கையேடும் மலாயாவில் நன்கு அறியப்பட்டவை. விலங்கின் குட்டிக்குப் பெயர், கூட்டப்பெயர், எதிர்ச்சொல், ஆண்பால் பெண்பால் எனப் பட்டியலாக அமைந்தது மெக்ஐவரின் நூல். அதனைப் பழித்தல் இங்கு நோக்கமன்று. வீட்டிலும் நூலகத்திலும் கதை நூல்கள் படித்த பிள்ளைக்கு அப்பட்டியல்கள், படித்தவற்றை ஒழுங்குபடுத்திக் கொள்ளும் கருவியாயின. படிப்பதற்கு ஒன்றும் இல்லாத பிள்ளைக்கோ, பட்டியலே மொழியாயிற்று. அன்னக்குஞ்சின் ஆங்கிலப் பெயரை அறிந்த மாணவரால், தந்தை நேற்று வேலைக்குச் செல்லாத காரணத்தை இரண்டு வாக்கியங்களில் எழுத இயலாத நிலை இதனால் விளைந்தது.

பீடோங்கிலிருந்து ஓர் எழுத்தாளர்

இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கவர் கே. எஸ். மணியம் ஆவார். சுப்பிரமணியம் கிருஷ்ணன் என்னும் இயற்பெயர் கொண்ட இவர் 1942இல் பீடோங்கில் பிறந்தார். தந்தையார் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் தொழில் செய்தவர். ஓராண்டு தமிழ்ப்பள்ளியில் பயின்ற பின்னர், சுங்கைப் பட்டாணி இப்ராகிம் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். 1962 முதல் 1964 வரை இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டனில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக் கெடாவில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் முதுகலைப் பட்டமும் பெற்று, அங்கேயே ஆங்கில இலக்கிய விரிவுரையாளராக விளங்கினார். 2020இல் மறைந்தார்.

1981இல் வெளிவந்த அவரது ‘தி ரிட்டர்ன்’ என்னும் ஆங்கில நாவல் பெரிதும் தன்வரலாற்றுச் சார்புடையது. அதன் தலைமைப் பாத்திரமாகிய ரவி, முருகேசு என்னும் ஆசிரியரின் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறுகிறான். அங்கு மிஸ் நான்சி என்னும் ஆசிரியை மேலைநாட்டுக் குழந்தைக் கதைகளின் வழி அவனை ஆங்கிலத்திற்குள் அழைத்துச் செல்கிறார். ரவியைக் கவர்வது விதியன்று; கதை. மொழி அவனுள் குடிபுகுவது கதையின் வாயிலாகவே.

ஆயின் நாவல் அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் மறைக்கவில்லை. ரவி படித்த கதைகளின் உலகில் பீடோங் இல்லை. பெரியதாயி என்னும் பாட்டியின் தெய்வங்களும் இல்லை. மொழி வளர வளர வீடு அந்நியமாகின்றது. தந்தைக்கும் மகனுக்கும் இடையில் விழும் விரிசலே நாவலின் துயரம். இதனை ஆங்கில வாசிப்பிற்கு எதிரான சான்றாகக் கொள்வோர் உளர். இக்கட்டுரையாளர் அவ்வாறு கொள்ளவில்லை. விலகலை உண்டாக்கியது வாசிப்பு அன்று. வாசிக்கக் கிடைத்த பொருளின் ஒருமுகத் தன்மையும், தமிழ் வாசிப்பு ஓராண்டோடு அறுபட்டமையுமே ஆகும். அதே வாசிப்பால் பெற்ற ஆங்கிலத்தைக் கொண்டே மணியம் பின்னர்ப் பீடோங்கை உலக இலக்கியத்தில் பதிவு செய்தார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

பொது வாசிப்பின் இலக்கணம்

பொது வாசிப்பு என்பது பாடநூலுக்கு அப்பால், பொருளின்மீதுள்ள ஆர்வத்தால் படிப்பது: நாளேடு, வார மாத இதழ், கதை நூல், விளையாட்டுச் செய்தி, விளம்பரம் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். பினாங்கிலிருந்து 1903 முதல் வெளிவந்த ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’வும், அங்கேயே 1971இல் தொடங்கப்பட்ட ‘தி ஸ்டார்’ இதழும் கெடாப் பட்டணங்களுக்கு அண்மையில் பிறந்தவை. 1922இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ 1945 முதல் சொல்வளப் பகுதி ஒன்றை வெளியிட்டது. பொதுவான கட்டுரைகளுக்கு நடுவே சொற்பயிற்சியை வைத்த அம்முறை உலகெங்கும் வாசகரை ஈர்த்தது.

இக்கட்டுரையாளரின் சிறுவயதில், மளிகைக் கடையில் சரக்கு மடித்துத் தந்த பழைய ஆங்கில நாளேட்டுத் தாள்களே வீட்டிலிருந்த ஆங்கில நூலகம். அத்தாள்களில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் கண்ணிற்பட்டது: சாலை விபத்து. முதல் வரியில் ‘எ லாரி’ என்றிருக்கும். இரண்டாம் வரியில் அதுவே ‘தி லாரி’ ஆகிவிடும். தமிழில் இத்தகைய சார்படைகள் இல்லை. ஆதலால் தமிழ் மாணவர் மிகுதியும் இடறும் இடம் இதுவே. முன்னர்க் கூறப்படாததற்கு ஒன்று, முன்னர்க் கூறப்பட்டதற்கு மற்றொன்று என்னும் விதியை ஆசிரியர் பின்னர்க் கூறியபோது, அஃது ஏற்கெனவே கண்ட ஒன்றின் பெயராக மட்டுமே தோன்றியது. தலைப்பில் நிகழ்காலமும் செய்தியில் இறந்தகாலமும் வருவது, குற்றம் செய்தவர் அறியப்படாதவிடத்துச் செயப்பாட்டுவினை வருவது ஆகியனவும் அவ்வாறே பழகியவை. அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதியபோது துணைநின்றவை பெரிதும் அத்தாள்களில் பழகிய வாக்கியங்களே.

தனியொருவர் அனுபவம் சான்றாகாது எனலாம். ஆதலின் அறிஞர் கருத்துகளையும் நோக்குதல் வேண்டும். டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தை ஆராய்ந்து 1926இல் வெளியிட்ட இருமொழியம் பற்றிய நூலில், பள்ளியை இடையில் விட்டுச் செல்லும் பிள்ளைக்கு அதுவரை கற்ற ஆங்கிலத்தால் என்ன பயன் என்று வினவினார். காப்புறுதியை இடையில் நிறுத்தியவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையை அவர் உவமையாக்கினார். ஈராண்டு இலக்கணம் கற்று நின்றுவிட்ட பிள்ளைக்கு மிஞ்சுவது ஏதுமில்லை. ஈராண்டு வாசிக்கக் கற்ற பிள்ளையோ தானே தொடர முடியும் என்பது அவர் முடிவு. இடையில் நின்றவர் மிகுந்திருந்த தோட்டப்புறத்திற்கு இதனினும் பொருந்தும் கருத்து வேறில்லை. பயனுள்ள சொற்களை வரையறுத்துப் படிப்படியாகப் புகுத்தும் வாசிப்பு நூல்களையும் அவர் உருவாக்கினார்.

இன்னொரு சான்று, கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர் அழைத்துச் செல்லப்பட்ட பிஜியிலிருந்து கிடைக்கின்றது. அந்நாட்டின் கிராமப்புறப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்க்குப் படங்களுடன் கூடிய 250 ஆங்கிலக் கதை நூல்கள் வழங்கப்பட்டன. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் ஆகியோர் 1983இல் வெளியிட்ட இவ்வாய்வின்படி, வழக்கமான பயிற்சி பெற்றோரைவிடக் கதை படித்தோர் வாசித்தறிதலில் விரைந்து முன்னேறினர். இரண்டாம் ஆண்டில் அம்முன்னேற்றம் எழுத்து, இலக்கணம் ஆகியவற்றிற்கும் பரவியது. இலக்கணம் கற்பிக்கப்படாமலே இலக்கணம் வளர்ந்தது என்பதே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது.

இன்றைய சூழல்

1999இல் தொடங்கப்பட்ட நீலாம் வாசிப்புத் திட்டம் பள்ளிதோறும் வாசிப்பைப் பதிவு செய்யும் வழக்கத்தை ஏற்படுத்தியது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கி, அதனைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் ஐரோப்பியத் தர அளவீட்டை ஒட்டி அயல்நாட்டு ஆங்கிலப் பாடநூல்கள் வந்தன. அவற்றின் சூழல் நம் மாணவர்க்கு அந்நியமானது என்னும் விவாதமும் எழுந்தது. ரவியின் வகுப்பறையில் எழுந்த அதே சிக்கல் இது. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டமை ஆசிரியர்க்கு ஓர் அரிய வாய்ப்பை அளித்துள்ளது. மாதிரித் தேர்வுத்தாளுக்குச் சென்ற நேரத்தில் ஒரு பகுதியேனும் வாசிப்பிற்குத் திருப்பப்படலாம்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஆங்கில வாசிப்பை வலியுறுத்துவது தமிழைத் தளர்த்தாதா? வரலாறு இதற்கு மாறாகவே பேசுகின்றது. 1950களில் ‘தமிழ் முரசு’ வழி உருவான மாணவர் மணிமன்றம் தமிழ்ப் பிள்ளைகளிடையே வாசிக்கும் பழக்கத்தை வளர்த்தது. வாசிப்பு என்னும் பழக்கம் ஒரு மொழியில் அமைந்துவிடின் மற்றொரு மொழிக்குச் செல்லும். தமிழில் கதை படித்து இன்புறாத பிள்ளை, ஆங்கிலத்தில் படித்து இன்புறும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

முடிவுரை

கெடாத் தோட்டப்புறத்தில் ஆங்கிலம் அறிந்தோர், அறியாதோர் என்னும் பிரிவு, அறிவுத்திறனால் அமைந்ததன்று. அச்சிட்ட தாள் சென்றடைந்த வீடு, சென்றடையாத வீடு என்பதால் அமைந்தது. இலக்கணக் கையேடு அப்பிரிவை அகற்றவில்லை. பல நேரங்களில் உறுதிப்படுத்தியது. தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. ஹார்வர்ட், விக்டோரியா என்னும் பெயர்கள் பள்ளிகளோடு எஞ்சியுள்ளன. அப்பெயர் தாங்கிய பள்ளியின் வகுப்பறை ஒன்றில், சுங்கைப் பட்டாணியைப் பற்றிய ஆங்கிலச் செய்தி ஒன்றும் தமிழ்ச் சிறுகதை ஒன்றும் ஒரே மேசைமேல் இருக்குமாயின், ஒரு நூற்றாண்டாக நேராத ஒன்று அங்கு நேர்கிறது எனக் கொள்ளலாம். அதனை நிகழ்த்தப் புதிய சட்டமோ திட்டமோ வேண்டுவதில்லை. ஆசிரியரின் மனமும் சில பழைய நாளேடுகளும் போதும்.